கதவுக்குப் பின்னால் சாப்பிட்டவர்கள்

கண்ணாடிக்காரருக்கு இரண்டு மேலதிகாரிகள். ஒருவர் அவர் வேலை பார்த்த மூக்குக் கண்ணாடிக் கடையின் முதலாளி. அவரைச் சமாளிப்பது சுலபம், தலையை ஆட்டினால் போதும். இன்னொருவர் கண்ணாடிக்காரரின் அடிவயிற்றில் வலது பக்கமாகக் குடியிருந்தார். காலி செய்யச் சொன்னால் காதில் வாங்காத குடித்தனக்காரர். வீட்டில் அவருக்கு 'மேனேஜர்' என்று பெயர். காலையில் எழுந்ததும் மனைவி கேட்கும் முதல் கேள்வி, "மேனேஜர் எப்படி இருக்கார்?" என்பதுதான். "தூங்கறார், எழுப்பாதே" என்று பதில் வந்தால் அன்றைக்கு வீட்டில் நல்ல நாள். "கூப்பிட்டுட்டார்" என்று பாதி சொல்லிக்கொண்டே அவர் ஓடினால், மீதியைக் குளியலறைக் கதவு சொல்லும்.

மேனேஜருக்கு வைத்தியர்கள் வைத்த பெயர் குரோன்ஸ் நோய். உடம்பைக் காப்பாற்ற வேண்டிய காவல்படை, ஆள் தெரியாமல் சொந்தக் குடலையே அடித்துப் புண்ணாக்கிவிடுகிற வியாதி. மாதக்கணக்கில் சாதுவாக இருக்கும். திடீரென்று ஒரு நாள் வலி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் என்று படையெடுத்து வரும். வந்த வேகத்தில் ஆளைத் துணி காயப்போடும் கம்பியைப் போல இளைக்க வைத்துவிட்டுப் போகும். கண்ணாடிக்காரருக்கு மீசை அடர்ந்துகொண்டிருந்த வயதில் அது வந்து சேர்ந்தது. குடல் டாக்டர் காகிதத்தில் படம் வரைந்து விளக்கினார்.

"இது போகுமா டாக்டர்?"

"போகாது. அடக்கி வைக்கலாம். ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருந்து பழகிக்கணும்."

"கல்யாணம் மாதிரியா?"

"கல்யாணத்துலயாவது விவாகரத்து உண்டு" என்றார் டாக்டர். அந்த ஒரு பதிலுக்காகவே கண்ணாடிக்காரர் கடைசிவரை வேறு டாக்டரிடம் போகவில்லை.

அவர் நன்றாகவே வாழ்ந்தார் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். நோயாளி என்றதும் போர்வையும் இருமலுமாக ஓர் உருவம் கண் முன்னால் வந்தால், அது அவரில்லை. மாத்திரையை நேரத்துக்குப் போட்டார். ரத்தப் பரிசோதனைக்குக் கூப்பிட்டால் சிரித்த முகத்தோடு போனார். குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்றபோதும் போனார், சிரிப்பை மட்டும் வெளியே வைத்துவிட்டு. 'நான் டாக்டரையே பார்த்ததில்லை' என்று மார்தட்டிய சகாக்கள் சிலர் அதே மார்பைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார்கள். கண்ணாடிக்காரர் அவர்களுடைய இறுதி ஊர்வலங்களில், கழிப்பறை எந்தப் பக்கம் என்று விசாரித்துக்கொண்டு, பொறுப்பாகக் கலந்துகொண்டார்.

வீடு பார்க்கப் போன கதையை அந்தத் தரகர் நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தாராம். காற்று எப்படி வரும், வெளிச்சம் எப்படி விழும் என்று தரகர் கைகளை வீசிச் சொல்லிக்கொண்டிருக்க, கண்ணாடிக்காரர் குளியலறைக்குள் போய்த் தண்ணீரை இழுத்துவிட்டு, காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, மறுபடியும் இழுத்துவிட்டார். "சார், வீட்டுக்குக் குடிவரப் போறீங்களா, இதுக்குள்ள குடிவரப் போறீங்களா?" என்றார் தரகர். "ரெண்டும் ஒண்ணுதாங்க" என்றார் இவர்.

வேலையும் அப்படித்தான். ஊர் ஊராகப் போய்க் கண்ணாடி விற்கிற பெரிய வேலை ஒன்று வந்தது, வேண்டாம் என்றார். கடைக்குள் கண் சோதிக்கிற இருட்டறையே போதும். அதன் பின்சுவரில் ஒரு கதவு உண்டு, கதவுக்குப் பின்னால் என்ன இருந்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை. வந்தவர் தாடையைக் கருவியின் மேல் வைத்து, நெற்றியைப் பட்டையில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மேனேஜர் மணி அடிப்பார். "அப்படியே அசையாம இருங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிக்காரர் போய்விட்டுத் திரும்பி வரும்போது, அந்த மனிதர் மூச்சுக்கூட விடாமல் அதே நிலையில் இருப்பார். இவ்வளவு பொறுமையாகக் கண் சோதிக்கிற ஆளைப் பார்த்ததில்லை என்று வெளியில் போய்ப் புகழ்ந்தவர்களும் உண்டு.

அந்த அறையில் அவருக்குப் பொய்கள் நிறையப் பழக்கம். வண்டி ஓட்ட அனுமதிச் சீட்டு வேண்டும் என்பதற்காக எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள். தெரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, "பளிச்சுன்னு இருக்கு" என்பார்கள். தெரியாததைத் தெரிகிறது என்று சொல்கிற குரலில் ஓர் அவசரம் இருக்கும். அது காதில் விழுந்ததும் அவர் சத்தமில்லாமல் பலகையை மாற்றிவிடுவார். அவரை ஏமாற்றிவிட்டு யாரும் அந்த நாற்காலியிலிருந்து எழுந்ததில்லை.

அவரை ஏமாற்றிய ஒரே இடம் அவர் வீடு. அதுவும் அவர் சம்மதத்தோடு நடந்தது.

கல்யாணமான புதிது. பெண் வீட்டில் சமையல்தான் பேச்சு, மற்றதெல்லாம் இடையில் வரும் இருமல். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவள். கை மணம் என்று சொல்வார்களே, அது அவளுக்குத் தோள் வரைக்கும் இருந்தது. மாப்பிள்ளை "எனக்குக் கொஞ்சம் வயிறு சரியில்லாத உடம்பு" என்று முன்பே சொல்லியிருந்தார். அவள் அதை அடக்கம் என்று நினைத்துவிட்டாள். அவளுடைய வீட்டில் அப்படிச் சொல்கிறவர்கள்தான் மூன்றாம் தடவை கேட்டு வாங்குவார்கள். வறுத்தாள், பொரித்தாள், காரத்தில் புரட்டினாள். புது மனைவி எதிரில் நின்று "எப்படி இருக்கு?" என்று கேட்கும்போது, குடலின் குறுகிய பாதையைப் பற்றிப் பேசுகிற ஆண்பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. நன்றாக இருக்கிறது என்றார். உண்மையாகவே நன்றாக இருந்தது. கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

வாரம் முடிவதற்குள் ஆஸ்பத்திரி. குடல் ஓரிடத்தில் அடைத்துக்கொண்டது. வயிற்றைத் திறந்து ஒரு துண்டை வெட்டி எடுத்தார்கள். அவள் வராந்தா பெஞ்சில், கழுவியும் போகாத மசாலா வாசனையோடு கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டாக்டர் வெளியே வந்து, "உங்க சமையல் இல்லம்மா காரணம். அங்க ஏற்கெனவே குறுகிப் போயிருந்தது. நீங்க வெறும் கஞ்சி குடுத்திருந்தாலும் என்னைக்காவது இது நடந்திருக்கும்" என்றார். அவள் தலையை ஆட்டினாள். ஆட்டிய தலைக்குள் ஒரு வார்த்தைகூட நுழையவில்லை.

அன்றிலிருந்து அந்த வீட்டில் இரண்டு சமையல். அவருக்குக் குழைந்த சோறு, தோல் சீவி வேகவைத்து மசித்த காய், அவித்த முட்டை, ஆவியில் வெந்த மீன். அதை அவள் சமைத்த அக்கறையைப் பார்த்தால் மேனேஜருக்கே கண் கலங்கியிருக்கும். மற்றது எல்லாம் சமையலறைக்கும் பின்னால், துணி துவைக்கும் இயந்திரம் இருந்த ஒட்டுப் பால்கனியில் நடந்தது. இயந்திரத்தின் மூடிதான் சாப்பாட்டு மேஜை. கதவைச் சாத்தி, கீழ் இடுக்கில் ஈரத் துண்டைச் சுருட்டி அடைத்து, நின்றுகொண்டே சாப்பிடுவாள். பிறகு வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, அவர் எதிரில் உட்கார்ந்து பரிமாறுவாள்.

"நீ சாப்பிடல?"

"அப்பவே ஆச்சு."

அதற்கு மேல் அந்த உரையாடல் ஒருநாளும் வளர்ந்ததில்லை.

மகள் பிறந்தாள். தாய்மொழியைக் கற்றுக்கொள்வதுபோல இந்த ஏற்பாட்டையும் கற்றுக்கொண்டாள். அப்பாக்கள் மேஜையில் சாப்பிடுவார்கள், மற்றவர்கள் கதவுக்குப் பின்னால் சாப்பிடுவார்கள், உலகம் அப்படித்தான் என்று நினைத்திருந்தாள். ஒருநாள் தோழி வீட்டிலிருந்து திரும்பி வந்து, அம்மாவின் காதில் கிசுகிசுத்தாள்: "அவங்க வீட்ல அவங்க அப்பா முன்னாடியே சாப்பிடறாங்கம்மா. வெக்கமே இல்ல."

கண்ணாடிக்காரருக்கு எல்லாம் தெரியும். ஒரே கூரையின் கீழ் வறுபடுகிற எண்ணெயை ஈரத் துண்டு தடுத்துவிடுமா? ஆனால் தெரியும் என்று காட்டிக்கொண்டால் அவள் அதையும் விட்டுவிடுவாள், அவரோடு சேர்ந்து மசித்த காயைத் தின்று காலத்தை ஓட்டிவிடுவாள் என்பதும் தெரியும். அதனால் வேலை முடிந்து வரும்போது மாடிப்படியில் ஒரு பெரிய இருமல் இருமுவார். மேலே பாத்திரங்கள் அவசரமாக இடம் மாறும் சத்தம் கேட்கும். அது அடங்கிய பிறகு படியேறுவார். கீழே தெருவிலேயே வாசனை பிடிபட்டுவிட்டால், சூடாக எடுத்த பண்டத்தை அவள் பாதியில் மறைத்துவைக்க வேண்டாமே என்று, தெருவை இன்னொரு சுற்றுச் சுற்றுவார். பூட்டிய கடைகளின் பலகைகளை எல்லாம் படித்து முடித்துவிட்டுத் திரும்புவார். நடைப்பயிற்சி நல்ல பழக்கம் என்று டாக்டர் பாராட்டினார். கண்ணாடிக்காரர் பாராட்டைப் பெற்றுக்கொண்டார்.

ஒருமுறை டாக்டரே சொன்னார்: "இப்ப எல்லாம் அமைதியா இருக்கு. கொஞ்சம் கொஞ்சமா மத்ததும் சாப்பிட்டுப் பாக்கலாம். நல்லா மென்னு, துளித் துளியா. இவ்வளவு கெடுபிடி தேவையில்ல." அவர் வீட்டில் வந்து சொன்னார். "டாக்டருக்கென்ன, வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டுப் போவார். வராந்தாவுல உக்காந்திருந்தது நான்" என்றாள் அவள். அத்தோடு பேச்சு முடிந்தது.

அவருக்கு வாய் ஊறவில்லை. நாக்கு எப்போதோ அடங்கிப்போய்விட்டது. அவருக்கு வேண்டியிருந்தது வறுவல் அல்ல. வறுவலைத் தின்கிற அவள் முகம். இத்தனை வருடம் கூட வாழ்ந்த பெண், பிடித்ததை வாயில் போட்டு மெல்லும்போது எப்படி இருப்பாள் என்று அவருக்குத் தெரியாது. ஒருதரமாவது பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது. இதை எப்படி வாய்விட்டுக் கேட்பது? 'நீ சாப்பிடறதைப் பாக்கணும்' என்று மனைவியிடம் கேட்கிற புருஷனை எந்த வீட்டில் ஒழுங்கான ஆள் என்பார்கள்?

அந்த வீட்டுச் சட்டத்தை மீறியவர் ஒரே ஒருவர். மகளைக் கட்டிய மாப்பிள்ளை. முதல் தடவை விருந்துக்கு வந்தவர், வெளியிலிருந்து வாங்கி வந்த பொரித்த கோழிப் பொட்டலத்தைக் கூடத்தில், மாமனார் எதிரிலேயே பிரித்துவைத்து, ஒரு காலை எடுத்துக் கடித்துவிட்டு, "மாமா, சூடா இருக்கு, ஒரு பீஸ்?" என்றார். யாரோ ஆடையில்லாமல் வந்து நின்றதுபோல வீடே அதிர்ந்துபோயிற்று. மகள் முறைத்தாள். மாமியார் அவர் கையைப் பிடித்து, பொட்டலத்தோடு சேர்த்துப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்த கண்ணாடிக்காரர் டிவி சத்தத்தைக் குறைத்தார். கதவுக்குப் பின்னாலிருந்து எலும்பு கடிபடும் சத்தம் வந்தது. மாப்பிள்ளை ஏதோ சொன்னார். பிறகு ஒரு சிரிப்புக் கேட்டது. வாய் நிறைய எதையோ வைத்துக்கொண்டு, அடக்க முடியாமல் வெடித்த சிரிப்பு. யாருடையது என்று அவருக்கு ஒரு கணம் பிடிபடவில்லை. அப்புறம் பிடிபட்டது. அவளிடம் அப்படி ஒரு சிரிப்பு இருப்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. டிவி சத்தத்தைப் பழையபடி கூட்டி வைத்துவிட்டு, செய்தியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளுக்கு முதலில் குரல்தான் கம்மியது. சளி என்றாள். பிறகு கழுத்தில் ஒரு கட்டி. நெறி கட்டியிருக்கிறது என்றாள். பிறகு பெரிய ஆஸ்பத்திரி. புற்று என்று சொல்லிக் கழுத்துக்குக் கதிர் வைத்தார்கள். வைத்த இடம் கருத்தது, வாய் வறண்டது, உள்ளே எல்லாம் புண். கட்டி கரைந்ததுபோல் இருந்து, வேறு இடத்தில் தலைகாட்டியது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பழையபடி ஒரு பெஞ்சு. இந்தத் தடவை இருவரும் சேர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, இருந்தாற்போல் சொன்னாள்: "இனிமே நீங்க மாடிப்படியில இருமவேண்டாம்."

அவர் திரும்பிப் பார்த்தார்.

"ஒளிச்சு வைக்கறதுக்கு ஒண்ணுமில்ல" என்றாள்.

அவர் எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த சிறிய எழுத்து அறிவிப்பைப் பார்த்து, "இந்த எழுத்தை யாரால படிக்க முடியும், கொஞ்சம் பெருசா போடக்கூடாதா" என்றார். அவள் "ஆமா" என்றாள்.

சில வாரங்களில் அந்த ஆஸ்பத்திரி டாக்டர் அவரை மட்டும் உள்ளே கூப்பிட்டார். "இனிமே வைத்தியம் வலிக்குத்தான். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. அவங்களுக்கு என்ன பிடிக்குதோ, முடிஞ்ச அளவு குடுங்க" என்றார்.

கண்ணாடிக்காரர் வெளியே வந்து நின்றார். டாக்டர் சொன்னதில் முதல் பகுதி மனதுக்குள் இறங்கவே இல்லை. கடைசி வாக்கியம்தான் தொண்டையில் நின்றது. அவளுக்கு என்ன பிடிக்கும்? எந்த ஆஸ்பத்திரி உணவகத்தில் சோறு குழைவாக இருக்கும் என்று அவருக்குத் தெரியும். எந்தக் காயின் தோல் தன் குடலுக்கு ஆகாது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். மனைவிக்கு என்ன பிடிக்கும் என்று தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் அவளிடமே கேட்டுப் பார்த்தார்.

"உனக்கு என்னம்மா பிடிக்கும்?"

"உங்களுக்குப் பிடிச்சதுதான்."

குரலில் அந்த அவசரம் இருந்தது. மாற்றிவைக்க அவரிடம் வேறு பலகை இல்லை. மகளுக்குப் போன் செய்தார்.

"அம்மா என்ன சாப்பிடுவா?"

"அதான் நர்ஸ் சொன்னாங்களே அப்பா, கஞ்சி, ஜூஸ்..."

"அது இல்ல. பின்னாடி. மெஷின் மேல வெச்சு."

ஒரு வம்சத்தின் ரகசியத்தைக் காட்டிக்கொடுக்கச் சொன்னால் யாருக்கும் வாய் வராதுதான்.

"உங்களுக்குத் தெரியுமாப்பா?"

"எனக்கு வயித்துலதான் கோளாறு. மூக்குல இல்ல."

மகள் சிரித்தாள், மூக்கை உறிஞ்சினாள், பிறகு மடை திறந்தாற்போல் சொன்னாள். உருளைக்கிழங்கு வறுவல். காகிதம் மாதிரி மெல்லிசாகச் சீவி, முறுகலாக எடுத்தது. அதற்காக அம்மாவும் பெண்ணும் அடித்துக்கொண்டதும் உண்டாம். "எனக்கு எண்ணித்தான் தருவாங்க. தன் பங்குக்கு மட்டும் கணக்கே கிடையாது. கேட்டா, 'உனக்குப் புருஷன் வீட்ல வறுத்துத் தருவாங்க, எனக்கு யாரு இருக்கா'ம்பாங்க." சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. "சும்மா வெளையாட்டுக்குப்பா" என்றாள்.

"எப்படிப் பண்ணணும், சொல்லு" என்றார் அவர்.

மறுநாள் காலை, கடைக்கு லீவு சொல்லிவிட்டு, கண்ணாடிக்காரர் பின் பால்கனிக்குள் போனார். அங்கே ஒரு சின்ன அடுப்பு, ஒரு கடாய், சுவரில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கு. இயந்திரத்தின் மூடியில் தட்டு வைத்து வைத்து வட்டமாகத் தேய்ந்த ஓர் இடம். ஓர் ஆள் மட்டும் நிற்க முடிகிற ஹோட்டல். இத்தனை வருடமும் தன் மனைவி குடித்தனம் நடத்திய இன்னொரு வீட்டுக்குள், சொல்லாமல் நுழைந்தவரைப் போல அவர் கூச்சத்தோடு நின்றார். பிறகு கிழங்கைச் சீவினார். கண்ணாடி வில்லையைப் பிடித்துப் பழகிய கை, சீவல் மெல்லிசாக விழுந்தது. கழுவி, துணியில் பரப்பி ஈரம் போக்கினார். எண்ணெய் காய்ந்தது.

"என்னங்க அது சத்தம்?" என்று அறையிலிருந்து அவள் குரல் வந்தது. குரல் என்று அதைச் சொல்ல முடியாது, காற்றில் கொஞ்சம் எழுத்து.

"எண்ணெய்."

"கதவைச் சாத்துங்க. உங்களுக்கு ஆகாது."

"இன்னைக்குத் தொறந்தே கெடக்கட்டும்" என்றார்.

வறுபட்டதும், மகள் சொன்ன டப்பாவைத் திறந்தார். உப்பும் மிளகாய்த்தூளும் ஏற்கெனவே ஒன்றாகக் கலந்து வைத்திருந்த டப்பா. ஒளித்துத் தின்கிறவளுக்கு இரண்டு டப்பாவைத் தேட நேரம் ஏது? ஸ்பூனை உள்ளே விட்டவருக்கு, வாய்ப்புண்ணில் காரம் பட்டால் துடித்துப்போவாங்க என்று நர்ஸ் எச்சரித்தது நினைவுக்கு வந்தது. நல்லவேளை என்று டப்பாவை மூடி, எடுத்த இடத்திலேயே வைத்தார். ஒன்றை எடுத்து வாயில் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. வறுத்ததை வாயில் போடுகிற பழக்கம் விட்டுப்போய் ஒரு தலைமுறை ஆகியிருந்தது.

தட்டோடு போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அவள் தட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். யார் காட்டிக்கொடுத்தார்கள் என்று புரிந்திருக்க வேண்டும்.

"உங்க முன்னாடியா?" என்றாள். அவள் கழுத்தின் கருப்புக்கு மேலே முகம் மட்டும் புதுப்பெண்ணுடையதுபோல் ஆயிற்று.

"வேணும்னா திரும்பிக்கறேன்."

"வேண்டாம். இருங்க."

ஒன்றை எடுத்தாள். கடித்தாள். மெல்ல மென்றாள். ஒரு வாய் தண்ணீர் குடித்து இறக்கினாள். இன்னொன்றை எடுத்தாள். கண்ணாடிக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். இடது பக்கமாகவே மெல்கிறாள். விரல் நுனியைக் கட்டைவிரலால் துடைக்கிறாள். இதெல்லாம் இத்தனை நாள் எங்கே இருந்தது?

"எப்படி இருக்கு?"

"ரொம்ப நல்லா இருக்கு. உப்புகூட அளவா போட்டிருக்கீங்க. எனக்கே இப்படி வராது" என்றாள்.

ஊரார் பொய்யை எல்லாம் இருட்டறையில் பிடித்த மனிதருக்கு அந்தக் குரலில் ஒன்றும் தட்டுப்படவில்லை. தட்டுப்பட வேண்டாம் என்று காது முடிவு செய்துவிட்டது. தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தவர், ஜன்னலோரம் நின்று, வயிற்றில் பால் வார்த்தாற்போல இருக்கிறது என்பார்களே, அது இதுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். பால் அவருக்கு ஒத்துக்கொள்ளாது என்பது வேறு விஷயம்.

சற்று நேரத்தில் மகள் வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே, "பண்ணீங்களா?" என்றாள்.

"பண்ணேன். சாப்பிட்டா. நல்லா இருக்குன்னா."

அவள் தட்டில் மிச்சமிருந்ததில் ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். அவர் எதிரிலேயே போட்டாள், அதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. மென்றுகொண்டே நெற்றியைச் சுருக்கினாள்.

"உப்பே போடலையேப்பா."

"உங்கம்மா அளவா இருக்குன்னாளே" என்றார்.

சொல்லி முடித்த பிறகுதான், என்ன சொன்னோம் என்பது அவருக்குக் கேட்டது. மகளும் மெல்வதை நிறுத்திவிட்டாள். டப்பாவை மூடிவைத்தது நினைவுக்கு வந்தது. காரத்தோடு சேர்த்து உப்பையும் அதற்குள்ளேயே வைத்து மூடியிருக்கிறார்.

"நான் கொஞ்சம் உப்பு போட்டு எடுத்துட்டு வரேன்" என்றாள் மகள், எதையாவது செய்தாக வேண்டும் என்பதுபோல.

"அவளுக்கு ரெண்டும் ஒண்ணுதான்ம்மா" என்றார்.

தட்டை அவரே எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். வேறு எதுவும் பார்க்கத் தேவைப்படவில்லை.

"உப்பு கம்மியா?"

"கம்மியில்ல. இல்லவே இல்ல."

அவள் சிரிக்கப் பார்த்து, இருமி, மூச்சுத் திணறி, அடங்கினாள். "எனக்கு எதுவுமே தெரியலைங்க. கதிர் வெச்சதுலேர்ந்து வாய்க்குள்ள எதைப் போட்டாலும் அட்டையை மெல்றாப்பல இருக்கு. நீங்க அவ்வளவு ஆசையா தட்டை ஏந்திட்டு வந்தீங்க." நிறுத்தினாள். "முன்னாடியே கேட்டிருக்கக்கூடாதா?"

"கேட்டா சாப்பிட்டிருப்பியா?"

அவள் யோசித்தாள். "மாட்டேன்" என்றாள்.

அவர் எழுந்து போனார். பின் பால்கனியிலிருந்து டப்பாவைக் கொண்டுவந்து, திறந்து, தட்டிலிருந்த வறுவலின் மேல் சிவப்பாகத் தூவினார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஒன்றை எடுத்தார்.

"என்ன பண்றீங்க? வேண்டாங்க. மேனேஜர்..."

"மேனேஜர் இப்ப லீவு. துளித் துளியா சாப்பிடலாம்னு டாக்டர் சொன்னப்ப நீதான் கேக்கல."

அவள் கையை நீட்டித் தடுக்கப் பார்த்தாள். கை போர்வையிலிருந்து எழுந்து, பாதியில் இறங்கிவிட்டது. வாசலில் மகள் நின்றிருந்தாள். உள்ளே வரவுமில்லை, தடுக்கவுமில்லை. கண்ணாடிக்காரர் அதை வாயில் போட்டு, டாக்டர் சொன்னபடி நன்றாக, மெதுவாக மென்றார். காரம் நாக்கில் ஏறியது, காதுக்குள் போனது, கண்ணில் தண்ணீராக வந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை.

அவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயந்துபோய்த்தான் பார்த்தாள். ஆனாலும் சமைக்கிற பிறவி, அடக்க முடியவில்லை.

"எப்படி இருக்கு?" என்றாள்.

"முறுகலா இருக்கு. கடிச்சதும் உடையுது. முதல்ல உப்புத் தெரியுது. அப்புறம் கொஞ்ச நேரம் ஒண்ணுமில்ல. நிம்மதியா இருக்கலாம்னு பாத்தா, பின்னாலேர்ந்து காரம் வந்து அடிக்குது."

"ஆமா" என்றாள் அவள். "அது அப்படித்தான் வரும்."

"நடுவுல மெத்துன்னு இருக்கு. ஓரம்தான் மொறுமொறுன்னு."

"ஓரம் லேசா கசக்குமே?"

அவர் இன்னும் கொஞ்சம் மென்று பார்த்தார். "ஆமா. லேசா கசப்பு. அதுக்குப் பின்னால ஒரு இனிப்பு மாதிரி."

"அதுதான்" என்றாள்.

அவர் விழுங்கினார். கருத்துப்போன அவள் தொண்டையும் கூடவே ஒருமுறை ஏறி இறங்கியது. அவர் அதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே தட்டிலிருந்து இன்னொன்றை எடுத்தார்.